தொடாமலே துள்ளும் திரை

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, வீட்டு மின்கட்டணம் கட்டலாமென்று கைப்பேசியை எடுத்தேன். மின்னூட்டம் குறைந்திருந்ததால் சார்ஜரின் கம்பியைச் செருகியபடியே தொகையை அழுத்தலானேன். 8 என்னும் எண்ணைத் தொட்டேன். திரையில் 8 வந்தது, அதைத் தொடர்ந்து 5 வந்தது, 2 வந்தது, பிறகு மேலும் இரண்டு 5 வந்தன. கட்ட வேண்டியது எண்ணூற்றுச் சொச்சம். திரையில் நின்றதோ எண்பத்தையாயிரத்துச் சொச்சம்! நல்லவேளை, இரகசிய எண்ணை அழுத்தும் கட்டம் இன்னும் வரவில்லை.

மறுநாள் கடைவீதியில் பழுது பார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். அவர் கையில் அது ஒழுங்காகவே வேலை செய்தது. ஆயினும் நான் சொன்னதைக் கேட்டவுடன், "டிஸ்ப்ளே போயிடுச்சு சார். மாத்திடலாம், 4,200 ரூபாய் ஆகும்" என்றார். யோசித்துச் சொல்வதாகக் கூறித் திரும்பிவிட்டேன்.

அந்த வாரமே, என்னிடம் இயற்பியல் படித்த மாணவி ஒருவர் ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்க வந்திருந்தார். பட்டம் பெற்றபின் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கைப்பேசி ஆலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவர். பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "சார், சார்ஜர் போட்டிருக்கும்போது மட்டும்தானே இப்படி ஆகுது?" கம்பியைப் பிடுங்கிவிட்டுத் தொட்டுப் பார்த்தார், திரை சாதுவாக இருந்தது. செருகினார், மீண்டும் துள்ளியது. மேசைமேலிருந்த வேறொரு சார்ஜரை மாட்டினார், துள்ளல் நின்றது. பேருந்து நிலையத்து வாசலில் 150 ரூபாய்க்கு நான் வாங்கிய சார்ஜர்தான் குற்றவாளி, திரை நிரபராதி.

பத்தாண்டாக மின்தேக்கியைப் பற்றி வகுப்பெடுக்கும் எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கம் தீர, இந்தத் திரை எங்கிருந்து வந்தது, எவ்வாறு இத்தனை எளிதில் ஏமாறும் பொருளாயிற்று என்று தேடலானேன். தேடியதில் ஒன்று விளங்கிற்று. திரையில் தோன்றும் விசித்திரங்களில் பல, அதை உருவாக்கியவர்கள் ஒரு வசதிக்காக எதையோ விட்டுக்கொடுத்ததன் விளைவுகளே. அவர்கள் எதைக் கொடுத்து எதைப் பெற்றார்கள் என்று அறிந்தால், கோளாற்றின் உருவத்தைப் பார்த்தே அது எந்த அடுக்கிலிருந்து வருகிறதென்று ஓரளவு சொல்லிவிடலாம். 4,200 ரூபாய் என்பது ஆலையில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குப் பல நாள் கூலி அல்லவா?

ராடார்க் கூடத்தில் தொடங்கிய கதை

தொடுதிரை நேற்றைய கண்டுபிடிப்பு என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அதற்கு வயது அறுபதாகிறது. இங்கிலாந்தில் மால்வெர்ன் என்னும் ஊரிலிருந்த அரச ராடார் நிலையத்தில் ஈ. ஏ. ஜான்சன் என்னும் பொறியாளர், 1965-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோர், திரையில் தெரியும் விமானங்களைப் பற்றிய விவரங்களைக் கணிப்பொறிக்கு விரைவாகத் தெரிவிக்க வேண்டியிருந்தது. விசைப்பலகையைத் தேடித் தட்டிக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரமில்லை. ஆகவே திரையையே விரலால் தொட்டால் என்ன என்று ஜான்சன் கேட்டார். அவருடைய அமைப்பில், விரல் படும்போது ஒரு கம்பியின் மின்தேக்குத் திறன் மாறும். அந்த மாற்றத்தை மின்சுற்று உணரும். இன்று நம் சட்டைப்பையில் இருப்பதும் அடிப்படையில் இதே தத்துவம்தான்.

சில ஆண்டுகள் கழித்து, ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்திலும் இதே தேவை எழுந்தது. அங்கே கட்டப்பட்டுவந்த பெரிய புரோட்டான் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறையில் ஆயிரக்கணக்கான பொத்தான்களையும் திருகுகளையும் வைக்க இடமேது? பென்ட் ஸ்டம்பே என்னும் டென்மார்க் நாட்டுப் பொறியாளர், கண்ணாடிமேல் மெல்லிய செப்புக் கோடுகளைப் பொறித்துத் தொடு பொத்தான்களை அமைத்தார். 1976-இல் அந்த முடுக்கி இயங்கத் தொடங்கியபோது இத்தகைய திரைகளும் அதனுடன் வேலைக்கு வந்தன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இவ்விரண்டு திரைகளும் அசையாத மேசைகளில் இருந்தவை. பயிற்சி பெற்றவர்கள் தொட்டவை. அவற்றில் இருந்தவை விரல்விட்டு எண்ணத்தக்க பெரிய கட்டங்கள். வியர்த்த கையும் மழைத்துளியும் பேருந்து நிலையத்துச் சார்ஜரும் அவற்றை அண்டவில்லை. தத்துவத்தின் பலவீனம் வெளியே தெரிய அங்கு வாய்ப்பில்லாமற் போயிற்று.

பொத்தான்களின் காலம்

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் ஸ்ரீபெரும்புதூர். இராமானுசர் பிறந்த ஊர் என்றே நெடுங்காலம் அறியப்பட்டது. அங்குள்ள சிப்காட் வளாகத்தில் 2006 ஜனவரியில் நோக்கியா நிறுவனத்தின் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உதிரிப்பாகம் செய்யும் நிறுவனங்களும் அதே வளாகத்தில் வந்து சேர்ந்தன. அடுத்த ஆண்டே சாம்சங்கும் டெல்லும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஆலை திறந்தன. காஞ்சிபுரம், வாலாஜாபாத், அரக்கோணம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் ஆலைப் பேருந்தில் ஏறும் பெண்களின் கூட்டம் அன்று தொடங்கியதுதான்.

அக்காலத்தில் நம் கைகளில் எங்கும் தென்பட்ட நோக்கியா 1100 பலருக்கு நினைவிருக்கும். 2003-இல் வெளிவந்தது, தலையில் டார்ச் விளக்கு, தூசி புகாத இரப்பர்ப் பொத்தான்கள். அதன் திரையில் 96-க்கு 65 என்ற கணக்கில் 6,240 புள்ளிகள். அவ்வளவுதான். இன்று சாதாரண விலையில் கிடைக்கும் கைப்பேசித் திரையில் 1,080-க்கு 2,400, அதாவது 25,92,000 புள்ளிகள். பொத்தான் பேசியின் திரை காட்டும் வேலையை மட்டும் செய்தது. கேட்கும் வேலை பொத்தானுடையது. ஒன்று கெட்டால் மற்றொன்று சாட்சி சொல்லும். எண் அழுந்தவில்லையா, பொத்தானில் குற்றம். எழுத்து தெரியவில்லையா, திரையில் குற்றம். சந்தேகத்துக்கே இடமில்லை.

2007-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐபோன் இந்தப் பாகுபாட்டை அழித்தது. காட்டுவதும் கேட்பதும் ஒரே கண்ணாடிக்குள் வந்தன. நோக்கியா உடனே அவ்வழியில் செல்லவில்லை. 2008-இல் அது அறிவித்த 5800 என்னும் தொடுதிரைப் பேசியில் இருந்தது அழுத்தத்தால் இயங்கும் திரை. இரண்டு மெல்லிய கடத்துப் படலங்கள் சிறு இடைவெளியில் இருக்கும். அழுத்தினால் ஒன்றையொன்று தொடும். நகத்தாலும் அழுத்தலாம், குச்சியாலும் அழுத்தலாம். மின் இரைச்சலுக்கு அது எளிதில் ஏமாறாது. ஆனால் அழுத்தித்தான் ஆக வேண்டும். இரண்டு விரலால் படத்தை விரிக்கும் வித்தை அதற்கு வராது. மக்கள் மென்மையான தொடுகையையே விரும்பினார்கள். உறுதியைக் கொடுத்து மென்மையை வாங்கிக்கொண்ட பேரம் அப்போதுதான் முடிந்தது என்பேன்.

ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் கதை சோகமாக முடிந்தது. கைப்பேசித் தொழிலை நோக்கியா 2014-இல் மைக்ரோசாப்டுக்கு விற்றபோது, வரித் தகராறு காரணமாக இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ஆம் நாள் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். சில ஆண்டுகள் கழித்து அந்த இடத்தை வாங்க முன்வந்தது சால்காம்ப் என்னும், பின்லாந்தில் பிறந்த நிறுவனம். 2019 நவம்பரில் இதற்கான அறிவிப்பு வந்தது. சால்காம்ப் என்ன செய்யும் நிறுவனம் தெரியுமா? சார்ஜர்! கைப்பேசி பிறந்த கூரையின்கீழ் சார்ஜர் வந்து குடியேறியது தற்செயல்தான். ஆனால் திரையின் நடத்தையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் நாமும் அதே வழியில், கைப்பேசியிலிருந்து சார்ஜருக்குத்தான் போக வேண்டும்.

படகு ஆடினால் கரை ஆடும்

தொடுதிரையின் கண்ணாடிக்கடியில், கண்ணுக்குத் தெரியாத கடத்துப் பொருளால் ஆன கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இண்டியம், வெள்ளீயம் ஆகியவற்றின் ஆக்சைடு கலவை அந்தப் பொருள். ஒவ்வொரு சந்திப்பும் ஒரு சிறு மின்தேக்கி. அதன் அளவு சில பிக்கோபாரடு. ஒரு பிக்கோபாரடு என்பது ஒரு பாரடில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. உங்கள் விரல் நெருங்கும்போது அந்தச் சிறிய அளவிலும் ஒரு சிறு பகுதிதான் குறைகிறது. இந்தக் குறைவைக் கண்டுபிடிக்க, ஒரு வகைக் கோடுகளில் நொடிக்கு இலட்சக்கணக்கான தடவை அலையும் மின் அலையைச் செலுத்தி, மறுவகைக் கோடுகளில் எவ்வளவு வந்து சேருகிறதென்று சில்லு அளந்துகொண்டே இருக்கிறது.

சார்ஜரின் வேலை 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தைச் சில வோல்ட் நேர்மின்னோட்டமாக்குவது. பழைய காலத்துக் கனமான மின்மாற்றியை ஒழித்துச் சார்ஜரைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்க ஒரு தந்திரம் கையாளப்படுகிறது. மின்சாரத்தை நொடிக்கு ஐம்பதாயிரம் முதல் ஒன்றிரண்டு இலட்சம் தடவை வெட்டி வெட்டிச் சிறிய மின்மாற்றி வழியே அனுப்புகிறார்கள். வெட்டும் வேகத்தில் பிறக்கும் இரைச்சல், மின்மாற்றியின் இரு சுருள்களுக்கும் இடையேயுள்ள சிறு மின்தேக்கம் வழியாகக் கசிந்து கைப்பேசியின் பக்கம் தாவிவிடும். அதை வந்த வழியே திருப்பி அனுப்ப, இரு பக்கங்களுக்கும் குறுக்கே ஒரு பாதுகாப்பு மின்தேக்கியை வைக்க வேண்டும். தொழிலில் இதற்கு ஒய் மின்தேக்கி என்று பெயர். அளவு ஏறத்தாழ ஒரு நானோபாரடு, அதாவது ஆயிரம் பிக்கோபாரடு.

இதைப் பெரிதாக வைத்துவிட்டால் இரைச்சல் முற்றும் தீருமே என்று கேட்கலாம். வேறொரு தொல்லை வரும். சார்ஜர் செருகிய கைப்பேசியின் உலோக விளிம்பைத் தடவும்போது விரலில் சிலுசிலுவென்று ஓர் உணர்வு வந்ததுண்டா? இந்த மின்தேக்கி வழியே வரும் சிறு கசிவுதான் அது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ஒரு நானோபாரடு என்று வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 70 மைக்ரோஆம்பியர் வரும். உண்மையில் சுற்றின் அமைப்பைப் பொறுத்து இதிலும் குறையும். ஆபத்தில்லாத அளவுதான். ஆனால் மின்தேக்கியின் அளவைப் பத்து மடங்காக்கினால் கசிவும் பத்து மடங்காகும். எனவே பாதுகாப்புக்கும் இரைச்சலுக்கும் நடுவே அளந்து வைக்க வேண்டிய பொருள் இது.

இந்த மின்தேக்கி சரியில்லாவிட்டால் என்ன ஆகும்? கைப்பேசி முழுவதுமே, தரையை ஒப்பிட, வேகமாக மேலும் கீழும் மின்னழுத்தத்தில் ஆடத் தொடங்குகிறது. யாரும் தொடாதவரை இதனால் தீங்கில்லை. திரையும் சில்லும் சேர்ந்தே ஆடுகின்றன. படகில் இருப்பவர்கள் எல்லாரும் படகோடு ஆடினால் ஒருவருக்கொருவர் அசைவு தெரியாதல்லவா? ஆனால் உங்கள் விரல் கரையைச் சேர்ந்தது. உங்கள் உடல் தரையோடு மின்தேக்கத் தொடர்பு கொண்டது. ஆடும் படகிலிருந்து பார்ப்பவனுக்குக் கரை ஆடுவதுபோல, கைப்பேசிக்கு உங்கள் விரல்தான் வோல்ட் கணக்கில் ஆடுகிறது. அந்த ஆட்டம், விரல் பட்ட கோட்டின் வழியே மின்னூட்டத்தைத் தள்ளுகிறது. அந்தக் கோட்டின்மேலுள்ள மற்றச் சந்திப்புகளிலும் யாரோ தொட்டதுபோன்ற கணக்கு விழுகிறது.

எனக்கு நேர்ந்ததை மீண்டும் பாருங்கள். நான் தொட்டது 8. தானே விழுந்தவை 5, 2. எண்பலகையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். 2, 5, 8 மூன்றும் ஒரே நெடுக்கு வரிசையில் நிற்பவை! 7-ஓ 9-ஓ ஒரு தடவையும் விழவில்லை. தடயம் கண்ணெதிரே இருந்தது, படிக்கத்தான் தெரியவில்லை.

இது என் ஒருவனுடைய தலைவலி அன்று. 2009-இல் ஐரோப்பிய ஆணையத்தின் முயற்சியால் பெரிய கைப்பேசி நிறுவனங்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரே வகைச் சார்ஜருக்கு இசைந்தபோது இந்தப் பிரச்சினை வெளிப்படையாயிற்று. அதுவரை ஒரு நிறுவனம் தன் பேசிக்கேற்ற சார்ஜரைத் தானே பெட்டியில் வைத்துக் கொடுத்தது. இனி யார் சார்ஜரை யார் பேசியில் செருகுவார்களென்று யாருக்குத் தெரியும்? 2010 இறுதியில் வெளியான ஐரோப்பியத் தரவிதியில், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சலுக்குமேல் சார்ஜர் வெளியிடக்கூடாது என்றும் ஓர் உச்சவரம்பு எழுதப்பட்டது. பேட்டரிக்கு மின்னூட்டுவதற்கு அந்த விதி தேவையே இல்லை; தொடுதிரைக்கு அது உயிர்நாடி. விதியை மதித்துச் செய்யும் ஆலைகளின் சார்ஜரில் இந்தத் தொல்லை அரிது. மதிக்காதவற்றுக்குத்தான் பேருந்து நிலைய வாசல் இருக்கிறதே!

எல்லாப் பழியையும் சார்ஜர்மேலேயே போடுவதும் நியாயமன்று. தண்ணீர்த் துளியும் விரலைப் போலவே மின்தேக்கத்தை மாற்றும். ஐப்பசி மழையில் நனைந்த திரை தானே திறந்துகொள்வது இதனால்தான். துடைத்தால் தீரும். துடைத்தும் தீராமல், சார்ஜர் இல்லாதபோதும் துள்ளினால், அப்போதுதான் உள்ளே பார்க்க வேண்டும். ஐபோன் 6 பிளஸ் பேசிகளில் மேல் விளிம்பில் சாம்பல் நிறப் பட்டை துடித்துத் தொடுகை செத்துப்போகும் கோளாறு 2016-இல் பரவலாகப் பேசப்பட்டது. பலமுறை கீழே விழுந்து மேலும் அழுத்தத்துக்கு உள்ளான பேசிகளில் இது வருவதாகக் கூறி, அவ்வாண்டு நவம்பரில் ஆப்பிள் கட்டணத்தோடு பழுதுநீக்கும் திட்டம் அறிவித்தது. தொடுகையைக் கவனிக்கும் சில்லுகளின் பற்றவைப்பு விட்டுப்போவதே காரணம் என்று பழுது பார்ப்போர் கண்டிருந்தனர். குற்றம் திரையில் இல்லை, தாய்ப்பலகையில். திரையை மாற்றியவர்களுக்குப் பணம் போனதுதான் மிச்சம். 2018 நவம்பரில் ஐபோன் எக்ஸ் சிலவற்றில் தொடாமலே தொடுகை விழுவதை அதே நிறுவனம் ஒப்புக்கொண்டது. அப்போது குற்றம் உண்மையிலேயே திரைப் பகுதியிலுள்ள ஓர் உறுப்பில். அதை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள்.

கோடும் திட்டும்

தொடுகையில் குற்றமில்லை, படத்தில்தான் குற்றம் என்றால்? இதற்கு என் மாணவி ஓர் எளிய சோதனை சொன்னார். கோடோ கறையோ தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறொரு பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். அந்தப் படத்திலும் கோடு இருந்தால் குற்றம் மென்பொருளிலோ படத்தை வரையும் சில்லிலோ இருக்கிறது. படம் சுத்தமாக இருந்தால், நினைவகத்திலிருந்து திரைக்குப் போகும் வழியிலோ திரையிலோதான் குற்றம். ஸ்கிரீன்ஷாட் என்பது நினைவகத்திலுள்ள படத்தின் நகல். அது திரையைப் பார்ப்பதேயில்லை. இவ்வளவு தெளிவான சோதனை என் ஆய்வகத்தில்கூட அதிகமில்லை.

படம் காட்டும் அடுக்கின் வரலாறு தொடுகையைவிட நெடியது. 1888-இல் பிராகு நகரில் தாவரவியலார் பிரெடரிக் ரைனிட்சர், கேரட்டிலிருந்து பெற்ற ஒரு கொலஸ்டிராலின் சேர்மம் இரண்டு முறை உருகுவதைக் கண்டார். 145.5 பாகையில் கலங்கிய திரவமாகவும் 178.5 பாகையில் தெளிந்த திரவமாகவும் அது மாறியது. நடுவிலிருந்த கலங்கிய நிலைதான் திரவப் படிகம். 1970-71-இல் ஷாட், ஹெல்ஃப்ரிஷ் ஆகிய இருவரும் இப்படிகத்தை முறுக்கி வைத்து மின்புலத்தால் ஒளியை விடவும் தடுக்கவும் வழி கண்டார்கள். ஆனால் அறை வெப்பத்தில் நிலைத்து நிற்கும் பொருள் வேண்டுமே! 1973-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே அத்தகைய சேர்மங்களை உருவாக்கினார். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று ஏறத்தாழ 35 பாகை வரைதான் திரவப் படிகமாக இருக்கும். இங்கிலாந்துக்கு அது போதும். ஸ்ரீபெரும்புதூரின் சித்திரை வெயிலில் வெறும் எண்ணெயாகிவிடும்! பல சேர்மங்களைக் கலந்து, உறைநிலைக்குக் கீழே 10 பாகையிலிருந்து மேலே 60 பாகை வரை தாங்கும் கலவையைச் செய்தவர் பீட்டர் ரேய்ன்ஸ். அவர் பணியாற்றிய இடம், ஜான்சன் தொடுதிரை செய்த அதே மால்வெர்ன் நிலையம். ஓரகடம் சாலையில் இருசக்கர வண்டியின் முன்புறம் மாட்டிய பேசியில் நண்பகலில் கறுப்புத் திட்டு தோன்றி, நிழலுக்கு வந்தபின் மறைந்தால், அது திரவப் படிகம் தன் எல்லையைத் தொட்டுத் திரும்பியதன் அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும். இன்றைய கலவைகள் 60-ஐயும் தாண்டித் தாங்குபவை. வெயிலில் கிடந்து காயும் கறுத்த கண்ணாடிக்கு அந்த எல்லையும் எட்டாததன்று. பணம் கொடுத்துச் சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை.

இந்தத் துறையில் நம் நாட்டுப் பங்கும் உண்டு. சர் சி. வி. இராமனின் உறவினரான எஸ். சந்திரசேகர், 1977-இல் பெங்களூரு இராமன் ஆய்வு நிலையத்தில் சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் சேர்ந்து, தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று கண்டார். பழைய வண்ணத் திரைகளைப் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் தலைகீழாகுமே, அதைக் குறைக்கும் படலங்களுக்கு இத்தட்டு மூலக்கூறுகள் பின்னாளில் பயன்பட்டன.

இனிக் கோடுகளுக்கு வருவோம். 25,92,000 புள்ளிகளுக்கும் தனித்தனிக் கம்பி இழுக்க முடியாது. எனவே ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மெல்லிய டிரான்சிஸ்டரை வைத்து, குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் சந்திக்கும்போது மட்டும் அதைத் திறக்கும் முறை வந்தது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பீட்டர் பிராடியின் குழு 1970-களின் தொடக்கத்தில் இவ்வழியைக் காட்டியது. 1979-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஸ்பியரும் லெகோம்பரும் படிக உருவற்ற சிலிக்கனில் இத்தகைய டிரான்சிஸ்டரைச் செய்து அதை மலிவாக்க வழிதிறந்தார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறம் என்றால் 1,080 புள்ளி அகலத்துக்கு 3,240 நெடுக்குக் கோடுகள். எழுபது மில்லிமீட்டர் அகலத்தில் இத்தனை! ஒரு தலைமுடியின் பருமனுக்குள் மூன்று கோடுகள் அடங்கும்.

இப்போது கோளாற்றைப் படிப்பது சுலபம். ஒரு டிரான்சிஸ்டர் செத்தால் ஒரு புள்ளி போகும். ஒரு கோடு அறுந்தால், மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு தெரியும். விளிம்பிலுள்ள இணைப்பு பிரிந்தால் அகலமான பட்டையே போகும். கண்ணாடியின் விளிம்பில், நாடா போன்ற நெகிழ் மின்சுற்று ஒட்டப்படும் இடம்தான் இந்தக் கட்டடத்தின் மிக மெல்லிய சுவர். அங்கே ஈயப் பற்றவைப்பு கிடையாது. ஒரு மில்லிமீட்டரில் இருநூறு, முந்நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள, உலோகம் பூசிய நுண்மணிகள் கலந்த பசையை வைத்துச் சூட்டோடு அழுத்துகிறார்கள். இடையில் நசுங்கும் மணிகளே மின்சாரத்தைக் கடத்துகின்றன. கைப்பேசியைப் பின்பையில் வைத்து உட்காரும்போது நாம் வளைப்பது இந்த மணிகளின் பிடியைத்தான்.

கரிமப் பொருளே ஒளிவிடும் புதிய வகைத் திரைகளில் பச்சைக் கோடு விழுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். இவ்வகைத் திரைக்கு வித்திட்டவர்கள் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக். 1987-இல், பத்து வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் அவர்கள் பெற்ற முதல் ஒளியும் பச்சையே. ஆனால் கோடு பச்சையாவதற்குக் காரணம் வேறு. இத்திரைகள் பலவற்றில் பச்சைப் புள்ளிகளுக்குத் தனி நெடுக்குக் கோடு. சிவப்பும் நீலமும் மாறி மாறி இன்னொரு கோட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. பச்சையின் கோடு கெட்டால் பச்சைக் கோடு. பகிர்ந்த கோடு கெட்டால் ஊதா கலந்த இளஞ்சிவப்புக் கோடு. "ஆலையில் முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டித்தான் பார்ப்போம் சார். ஒன்றில் மறைவது இன்னொன்றில் தெரியும்" என்றார் மாணவி. இப்படி ஒரு கோடு நிலைத்து நின்றுவிட்டால், மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவுவதால் பயனில்லை. அப்போது மட்டும் திரையை மாற்றத்தான் வேண்டும்.

இதுவரை இந்தத் திரைகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்து, இங்கே பேசியில் பொருத்தப்பட்டன. 2019 முதல் சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் தயாராகி வந்தபோதும் நிலைமை அதுவே. 2024 ஜனவரியில், பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் கைப்பேசியின் மேற்கண்ணாடியைப் பதப்படுத்தும் ஆலைக்குக் கார்னிங் - ஆப்டீமஸ் கூட்டு நிறுவனம் திட்டம் அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில், பாக்ஸ்கான் குழுமத்தைச் சேர்ந்த யூசான் நிறுவனத்தின் 13,180 கோடி ரூபாய்த் திட்டத்துக்குத் தமிழக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஓரகடத்தில் கைப்பேசித் திரைப் பகுதிகளைக் கோத்து முடிக்கும் ஆலை அது. நாடாவும் கண்ணாடியும் சந்திக்கும் இணைப்பைச் செய்து பார்க்கும் வேலை நம் பெண்களின் கைக்கு வர வாய்ப்பிருக்கிறது. அந்த வேலைக்கு விண்ணப்பிக்கத்தான் என் மாணவி சான்றிதழில் கையெழுத்து வாங்க வந்திருந்தார்.

கல்லூரி திறந்ததும், அந்த 150 ரூபாய்ச் சார்ஜரை ஆய்வகத்தில் இரண்டாமாண்டு மாணவர்கள் முன்னிலையில் பிரித்தேன். மின்சாரத்தில் செருகிய நிலையில் இதை யாரும் செய்யக் கூடாது. பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும். மின்மாற்றியின் ஓரத்தில், ஒய் மின்தேக்கிக்கென்று வெள்ளை மையால் வட்டம் அச்சிட்டு, இரண்டு துளைகளும் போட்டிருந்தார்கள். துளைகளில் எதுவும் பற்றவைக்கப்படவில்லை. ஆய்வகத்திலிருந்த ஒரு சாதாரண மின்தேக்கியை அதில் வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். கூடாது என்று சொன்னேன். அந்த இடத்தில் வைப்பது உடைந்தாலும் மின்சாரத்தை மறுபக்கம் விடாத தனி வகை. பலகையை ஒரு கண்ணாடிப் பெட்டியில் போட்டு, மின்தேக்கிப் பாடம் வரும்போது காட்டுவதற்காக அலமாரியில் வைத்திருக்கிறேன். பழைய திரையோடுதான் என் கைப்பேசி இன்றும் ஓடுகிறது.